வெள்ளிமலை வண்டியின் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்

பெறுநர்: கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம் தொடங்கி கல்வராயன் மலை உச்சி வரை வண்டி ஓட்டுகிறவர்கள், சீட்டுக் கிழிக்கிறவர்கள், டீ ஆற்றுகிறவர்கள், அறை வாடகைக்கு விடுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், அருவிப் பாதையில் கடை போட்டிருப்பவர்கள்.



தனியாக ஊர் சுற்றக் கிளம்பும் பெண்ணுக்குப் புத்தி சொல்ல ஆள் பஞ்சம் வந்ததே இல்லை. துப்பட்டாவை மறக்காதே, இருட்டுவதற்குள் இறங்கிவிடு, யாரிடமும் சிரித்துப் பேசாதே, கேட்டால் ‘பின்னால அண்ணன் வர்றாரு’ என்று சொல்லிவிடு. அம்மா சொல்வார், அலுவலகத் தோழி சொல்வார், பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே சொல்வார். எல்லாமே அவள் முகவரிக்குத்தான் போய்ச் சேர்கிறது. வழியில் அவளை ஏற்றிச் செல்கிறவர்களுக்கும், அவளுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும், நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கும் ஒரு தபால்கூட வருவதில்லை. அதனால் இந்த மடல் உங்கள் பேருக்கு.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் விரைகிறவர்கள் ஏற்காட்டைப் பற்றிப் பேசுவார்கள். மேற்கே நீலமாகக் கிடக்கும் கல்வராயன் மலை பலர் கண்ணில் படுவதே இல்லை. கச்சிராயப்பாளையம், கோமுகி அணை தாண்டி வளைவுகள் ஏறினால் பெரியார் அருவி, மேலே வெள்ளிமலை, கொஞ்சம் நடக்கத் தயாரானால் மேகம் அருவி. அந்தப் பக்கம் இறங்கினால் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை. கூட்டம் குறைவு என்பதுதான் இந்த மலையின் அழகு. தனியே வரும் பெண்ணை யோசிக்க வைப்பதும் அதே கூட்டக் குறைவுதான்.

அவள் யார்? மூலிகை தேடி வரும் ஆராய்ச்சி மாணவியாக இருக்கலாம். மலைப் பள்ளிக்கு மாறுதலாகி வரும் ஆசிரியையாக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர வரும் செவிலியராக, மூன்று நாள் விடுப்பில் அருவி பார்க்கக் கிளம்பிய சென்னைக்காரியாக இருக்கலாம். நான்கு பேருக்கும் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் கேள்விகள் ஒன்றுதான்.

‘எந்த ஊரும்மா?’

‘எங்க போகணும்?’

‘கூட ஆள் யாரும் வரலையா?’

வெளியூர்க்காரர்கள் இந்தக் கேள்விகளைப் பார்த்து மிரளுவதுண்டு. உண்மையில் இவை நம் ஊரின் உபசாரம். பூக்கட்டும் ஆயா இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘வெள்ளிமல வண்டி அந்தாண்ட நிக்கும் பாரு கண்ணு’ என்று கைகாட்டுவார்; அதோடு கதை முடிந்தது. இதே மூன்றாவது கேள்வியைப் பைக்கில் உட்கார்ந்தபடி, கண்ணாடியைக் கழற்றாமல் ஓர் இளைஞன் கேட்கும்போது அவளுக்கு வயிற்றைப் பிசைகிறது. சொற்கள் மாறவில்லை. ஆயாவுக்கு வேண்டியது அவள் சரியான வண்டியில் ஏறுவது. அவனுக்கு வேண்டியது கூட ஆள் இல்லை என்ற தகவல். இந்த வித்தியாசம் கேட்டுக்கொண்டு நிற்கும் உங்களுக்கும் புரியும். புரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

அடுத்து உடை. ‘நம்ம ஊர் வழக்கப்படி உடுத்தினால் பிரச்சினை வராது’ என்ற பேச்சு எந்த டீக்கடையிலும் கிடைக்கும். சரி, நம்ம ஊர் வழக்கம்தான் என்ன?

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் இன்று சுடிதாரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அதுவே வடநாட்டு உடுப்பு என்று முணுமுணுக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவிகளின் சீருடை பாவாடை தாவணியிலிருந்து சுடிதாருக்கு வந்ததெல்லாம் இந்தத் தலைமுறைக்குள் நடந்த கதை. நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போவதும், பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவதும் தமிழ்நாட்டின் எல்லாத் தெருவிலும் நடக்கிறது. எந்தப் பாட்டி காலத்து வழக்கம் அது? பாட்டி காலத்து வழக்கமே வேண்டும் என்றால் ரவிக்கையும் போட முடியாது. நம் கிராமங்களில் சேலைத் தலைப்பை மட்டும் போர்த்தி வாழ்ந்த கிழவிகளை நேரில் பார்த்தவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள். அவர்களை யாரும் குறுகுறுவென்று பார்த்ததாகக் கதை இல்லை.

உடுப்பை வைத்து ஆளை அடக்கி வைத்த கதை வேறிடத்தில் இருக்கிறது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று ஆதிக்க சாதிகள் தடுத்தன, அணிந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். 1820களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலையில் மன்னர் ஆணை பிறப்பிக்கும் வரை நீண்டது. அங்கே உடலை மூடியது குற்றமாயிற்று, இன்று மூடாதது குற்றமாகிறது. எதை மூடுவது, எதைத் திறப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் அன்றும் இன்றும் அந்தப் பெண் இல்லை.

மலை மேலே ஏறிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகள் பேசுவது தமிழ். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் மலையாளிகள். தினையும் சாமையும் மரவள்ளியும் விளையும் காட்டில் வேலை செய்யும் பெண்கள் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருப்பார்கள். சமவெளியில் நாற்று நடும் பெண்களும் அப்படித்தான். அந்த முழங்கால் யார் கண்ணையும் உறுத்தவில்லை. அருவிக்கு நடந்து போகிற பெண் முக்கால் கால்சட்டை போட்டிருந்தால், அதே அளவு கால் தெரிந்தால், ‘கலாச்சாரம் என்ன ஆவுறது?’ என்ற குரல் கேட்கிறது. அப்படியானால் உறுத்துவது கால் இல்லை. இந்தக் கால் இந்த ஊர்க் கால் இல்லை என்பதும், கேட்க ஆள் இல்லாத கால் என்பதும்தான்.

இப்படிச் சொல்வதால் வருகிறவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று இந்த மடல் வாதாடவில்லை. கரிராமனைக் கும்பிடும் மலை இது. கோயிலுக்கு அதன் முறை உண்டு, ஊருக்குள் நுழைய ஒரு மரியாதை உண்டு. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுவதும், குளித்த ஈரத்தோடு ஊர் நடுவே நடக்காமல் மாற்றுத்துணி கொண்டுவருவதும் விருந்தாளிக்கு அழகு. கோயில் உடை பற்றி நீதிமன்றமே அலைபாய்ந்திருக்கிறது: 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு விதித்தது, 2016 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது, அதே மாதம் நிறுத்தியும் வைக்கப்பட்டது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் 2016 நவம்பரில் சுடிதாருக்கு அனுமதி கிடைத்துச் சில நாட்களிலேயே பறிபோனது. கோயில் வாசலில் முறை கேட்பதோடு பெரும்பாலான பெண்களுக்குச் சண்டை இல்லை. சேலை கட்டச் சொன்னால் கட்டுவார்கள், வேட்டி சுற்றச் சொன்னால் சுற்றுவார்கள். கோயில் வாசலுக்கான விதியைப் பேருந்துக்கும் அருவிக்கும் டீக்கடைக்கும் நீட்டி, அதை மீறியவளை யார் வேண்டுமானாலும் தண்டிக்கலாம் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

2016 ஆகஸ்டில் ஆக்ராவில் பேசிய அன்றைய மத்தியச் சுற்றுலாத் துறை இணை அமைச்சர், வெளிநாட்டுப் பெண்கள் இந்தியாவில் பாவாடை அணிந்து வெளியே போக வேண்டாம் என்று யோசனை சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும், கோயில்களை மனதில் வைத்துச் சொன்னதாக விளக்கம் வந்தது. முந்தைய ஆண்டு, 2015 செப்டம்பரில், தமிழ் இதழ் ஒன்று லெகின்ஸ் அணிந்த பெண்களைத் தெருவில் அவர்களுக்குத் தெரியாமல் படம் பிடித்து அட்டையில் போட்டு, ‘ஆபாசம்’ என்று தலைப்பிட்டது. கொதித்தெழுந்த பெண்கள் கேட்ட கேள்வி எளியது: லெகின்ஸ் போட்டு நடந்தவள் ஆபாசமா, பின்னால் போய்ப் படம் எடுத்தவன் ஆபாசமா?

அந்தக் கேள்வி இப்போது பெரியார் அருவிக்கு வந்துவிட்டது. சாலையோரமாகவே கொட்டும் அருவி; வண்டியை நிறுத்தினால் தண்ணீர். நம் பெண்கள் அருவியில் குளிக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும்: சேலையோடும் சுடிதாரோடும் நைட்டியோடும், கழுத்து முதல் கணுக்கால் வரை மூடியபடி. பக்கத்தில் ஆண்கள் வெறும் ஜட்டியோடு குதித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பக்கம் எந்தக் கைப்பேசியும் திரும்பாது. பாறை மேல் உட்கார்ந்து, இயற்கையைப் படமெடுப்பதுபோல் நனைந்த சேலையைப் படமெடுப்பவனுக்கு எந்த உடை வழக்கமும் தடை போட்டதில்லை.

பெங்களூரில் 2003இல் ஜஸ்மீன் பதேஜா தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ அமைப்பு இதை வாதமாகச் சொல்லாமல் துணியாகவே எடுத்து வைத்தது. தொல்லைக்கு ஆளான அன்று என்ன உடுத்தியிருந்தீர்கள், அதைக் கொண்டுவாருங்கள் என்று பெண்களைக் கேட்டது. வந்து சேர்ந்தவற்றில் சேலை இருந்தது, சல்வார் இருந்தது, பள்ளிச் சீருடையும் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்த மாவட்டத்திலேயே ஆண்டுதோறும் சாட்சி வந்து நிற்கிறது. உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகம். சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயிலுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வருகிறார்கள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கை நிறைய வளையல். பௌர்ணமி இரவில் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியானதும் வளையல் உடைத்து, தாலி அறுத்து, வெள்ளைச் சேலைக்கு மாறுகிறார்கள். தமிழ்ப் பெண்ணின் உடை மரபு என்று எதைச் சொல்வோமோ அதை அந்த இரண்டு நாளில் இழை பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். அந்தச் சேலையும் பூவும் அவர்களைக் காப்பாற்றியதா? கூட்டத்தில் இடிக்கும் கைகளையும், ‘வர்றியா’ என்று கேட்கும் குரல்களையும், தங்க இடம் கேட்டால் ஏறும் வாடகையையும் அவர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். 2008இல் தமிழக அரசு அவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரவர் பாலினத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கூவாகத்துக்குப் போகும் பேருந்தின் பின் இருக்கைக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

ஆக, உடையில் விடை இல்லை. அப்படியென்றால் எதில் இருக்கிறது? இங்கேதான் அண்ணன்மாரே, அக்காமாரே, நீங்கள் வருகிறீர்கள்.

1998 ஜூலையில் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த இளைஞர் கூட்டத்தின் ‘விளையாட்டில்’ கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அந்த மாதமே தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது; பிறகு அது முழுச் சட்டமானது. முதலில் ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் என்று பெயர். உயிரைக் குடித்த ஒன்றைக் கிண்டல் என்று அழைப்பது பொருந்தாது என்று பின்னர் பெண்களுக்கு எதிரான தொல்லைகளைத் தடுக்கும் சட்டம் எனப் பெயர் மாறியது. 2025 ஜனவரியில் சட்டமன்றம் தண்டனைகளைக் கூட்டி அதைத் திருத்தியது. பெண்ணுக்கு அச்சமோ வெட்கமோ கூச்சமோ உண்டாக்கும் எந்த அநாகரிகச் செயலும் தொல்லைதான் என்கிறது அந்தச் சட்டம். அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்ற கேள்வியே அதில் இல்லை.

அதே சட்டத்தில் பலர் படிக்காத ஒரு பிரிவு உண்டு. பேருந்தில் தொல்லை நடந்து பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்த் தகவல் தர வேண்டும். வண்டி ‘லேட்’ ஆகும், பயணிகள் கத்துவார்கள், எல்லாம் சரி. கொண்டுபோவது கருணை இல்லை, கடமை. வெள்ளிமலைப் பாதையில் கீழே கச்சிராயப்பாளையத்தில் ஒரு காவல் நிலையம், மேலே கரியாலூரில் ஒன்று. உங்களுக்கு வழி சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தக் கடமையை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் விரித்தது. அதற்குக் காரணமான வழக்கு நம் ஊர் வழக்கு. 1999 ஜூலை 9. குற்றாலத்தில் சீசன். பாதுகாப்புப் பணிக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து அனுப்பப்பட்ட காவலர் ஒருவர், இரவில் தென்காசியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் கணவரோடு நின்றிருந்த பெண்ணிடம் குடிபோதையில் அத்துமீறினார். தனியாகப் போனதால்தான் என்று சொல்ல வழியில்லை. கணவர் பக்கத்திலேயே இருந்தார். காவலுக்கு ஆள் இல்லாததால்தான் என்றும் சொல்ல முடியாது. காவலுக்கு வந்தவரே அவர். துறை அவரைப் பணிநீக்கம் செய்தது, உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, வழக்கு தில்லி போனது. 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை உறுதி செய்ததோடு சில கட்டளைகளையும் பிறப்பித்தது: பேருந்து நிலையங்களிலும் வழிபாட்டு இடங்களிலும் சாதாரண உடையில் பெண் காவலர், கண்காணிப்புக் கேமரா, பெண்களுக்கான உதவி எண். புகார் வந்தும் வண்டியைக் காவல் நிலையத்துக்குத் திருப்பாவிட்டால் அந்த வண்டியின் உரிமத்தை ரத்து செய்யலாம். கடைசியாக, வழியில் போகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கண்ணால் கண்டால் காவல் நிலையத்துக்கோ உதவி எண்ணுக்கோ சொல்ல வேண்டும்.

குற்றாலச் சீசனில் பிறந்த அந்தக் கட்டளை கல்வராயன் மலைக் கோடை விழாவுக்கும் அப்படியே பொருந்தும்.

நடத்துநர் அண்ணன்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது உங்கள் கையில் ஓர் அதிகாரத்தைக் கொடுத்தது. பெண்ணை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது, சைகை காட்டுவது, ஜாடையாகப் பாடுவது, படமெடுப்பது இவற்றில் எதைச் செய்தாலும் அந்த ஆளை இடம் மாற்றி உட்கார வைக்கலாம், இறக்கிவிடலாம், காவலரிடம் ஒப்படைக்கலாம். ஏற உதவுகிறேன் என்று சொல்லி நடத்துநர் பெண்ணைத் தொடுவதும், இரட்டை அர்த்தத்தில் பேசுவதும் அதே விதிகளில் குற்றம். புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. டிக்கெட் பையில் அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

பயம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. பின் இருக்கையில் நான்கு பேர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால், அவர்கள் உள்ளூர்ப் பையன்களாகவும் இருந்தால், நாளைக்கும் இதே வழியில்தான் நீங்கள் வர வேண்டும். குடி இந்த மாவட்டத்தை என்ன செய்தது என்பதை 2024 ஜூனில் கருணாபுரம் காட்டியது; கள்ளச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் சாலை, மருத்துவம், வாழ்வாதாரம் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. குடித்தவனிடம் தனி ஆளாக மோதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், பயணிகள் நின்றிருந்த நடைமேடையிலேயே ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டதை நினைத்துப் பாருங்கள். நடைமேடையில் ஆளில்லாமல் இல்லை.

பெரும்பாலான தொல்லை அந்த அளவுக்குப் போவதற்கு நெடுநேரம் முன்பே ஒரு குரலுக்கு அடங்கிவிடக்கூடியது. பார்வையில் தொடங்கும், பாட்டில் நீளும், நெருங்கி உட்காரும். ஒவ்வொரு படியிலும் அவன் அவளைப் பார்ப்பதைவிட அதிகமாகச் சுற்றியிருப்பவர்களைத்தான் பார்க்கிறான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே அடுத்த படி. மலைவாசிப் பெண்களைக் கேட்டால் இதைப் பாடமாகவே சொல்வார்கள். மருத்துவமனைக்கும் ரேஷன் அட்டை வேலைக்கும் கூலி வேலைக்கும் மலையிலிருந்து இறங்கி வருகிற அவர்களும் பயணிகள்தான். சுற்றுலாப் பயணியைவிட அடிக்கடி, அவளைவிட வேறு வழியில்லாமல் உங்கள் வண்டியில் ஏறுகிறவர்கள். அருவி பார்க்க வந்தவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை ஏற்காடு போவாள். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி போக வேண்டிய பெண்ணுக்கு அடுத்த முறையும் இதே வண்டிதான்.

வருகிற பெண்களுக்கும் இந்த மடலில் ஒரு பத்தி ஒதுக்கத்தான் வேண்டும். நீங்கள் அவர்களிடம் சொல்லத் தயங்குவது அது. நகரத்திலிருந்து வருகிறவர்கள் மலைப் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படமெடுக்கிறார்கள். குடிசை வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைக்கும் மூதாட்டி யாரோ ஒருவரின் கைப்பேசியில் ‘கள்ளமில்லாத சிரிப்பு’ ஆகிவிடுகிறார். தன்னைப் படமெடுத்தவன்மேல் அருவியில் கோபப்பட்டவள், ஊருக்குள் வந்து அதையே செய்தால் தட்டிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ‘கேட்டுட்டு எடும்மா’ என்றால் போதும், புரிந்துகொள்வாள்.

இனி வேண்டுகோள்கள். பெரிதாக ஒன்றுமில்லை.

விடுதிக்காரர்களே, தனியாக வரும் பெண்ணிடம் ‘சிங்கிள் லேடீஸுக்கு ரூம் இல்ல’ என்று சொல்லாதீர்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதையே தடுக்கச் சட்டம் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வருகைப் பதிவேட்டை மேசைமேல் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதில் அவள் பெயர், கைப்பேசி எண், அறை எண் மூன்றும் ஒரே வரியில் இருக்கிறது. அறை எண்ணை எல்லோர் காதிலும் விழும்படி பையனைக் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள். கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். ஏ.சி.க்கு முன்னால் அவள் சோதிப்பது அதைத்தான்.

அருவிப் பக்கம் கடை போட்டிருப்பவர்களே, உடை மாற்றும் அறை இருக்கிற இடத்தில் அதன் கதவைப் பாருங்கள். இல்லாத இடத்தில் நான்கு கொம்பு நட்டு ஒரு தார்ப்பாய் கட்டினால் அதுவும் அறைதான். உங்கள் கடை பஜ்ஜி கூடவே விற்கும். பாறையில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் தம்பியின் ஊர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பல சமயம் அப்பன் பேரும் தெரிந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

டீக்கடை அக்காமாரே, வண்டி வரத் தாமதமாகும்போது நிறுத்தத்தில் தனியாக நிற்பவளைப் பார்த்து ‘உள்ள வந்து உக்காரு’ என்று நீங்கள் போடும் அந்த முக்காலிக்கு நிகராக மாவட்ட நிர்வாகத்திடம் எந்தத் திட்டமும் இல்லை. நீங்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள். கூட்டம் போட்டு யாரும் உங்களைப் பாராட்டவில்லை, அவ்வளவுதான்.

மலையாளிகளின் வழிவழிக் கதை ஒன்று உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தன் தொகுதிகளில் அதைப் பதிவு செய்திருக்கிறார். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது கதை. மலையைச் சொந்தம் கொண்டாடுகிறவர்களே தங்களை வழிப்போக்கரின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ளும் இடம் இது. வழிப்போக்கியாக வருகிறவளுக்கு இங்கே ஓர் இருக்கை இருக்க வேண்டும், முன் வரிசையிலோ ஜன்னலோரத்திலோ.

மாலை வண்டி வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது வளைவுகளில் வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். பின்னாலிருந்து யாரோ பாடத் தொடங்குவான். நடத்துநர் அண்ணன் சில்லறையை எண்ணிக்கொண்டே, தலையைத் தூக்காமல், ‘யாருப்பா அது? பாட்ட நிறுத்து, எந்திரிச்சு முன்னால வா’ என்பார். அவ்வளவு போதும். மிச்ச வழிக்கு அவள் ஜன்னல் வழியே கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

இப்படிக்கு,
அடுத்த விடுமுறைக்கு வெள்ளிமலை வண்டி ஏறப்போகும் பெண்களின் சார்பில்.

பி.கு.: பெண்கள் உதவி எண் 181. அவசர உதவிக்கு 112. பொங்கலுக்குக் கடைச் சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது இந்த இரண்டு எண்களையும் டீ, காபி விலைப் பட்டியலுக்குக் கீழே பெரிதாக எழுதி வையுங்கள். மலை மேலே எல்லா வளைவிலும் சிக்னல் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.